சரிவில் பார்த்த ஆயில் அளவு

என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை வேலூரில் டயாலிசிஸ். ஆரணியிலிருந்து போகும்போது எப்படியோ சமாளித்துவிடுவாள். திரும்பும்போது உட்காரவே தெம்பிருக்காது. பின் சீட்டில் படுத்து வரட்டும் என்றுதான் அந்தப் பழைய டீசல் காரை வாங்கினேன்.

"டர்போ வண்டிங்க, ஆயில் குடிக்கும், தினம் பாத்துக்குங்க" என்று விற்றவர் சொல்லி அனுப்பினார். என்னிடம் அப்படிச் சொன்னால் போதுமே! காலையில் எழுந்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிவிடுவேன். அளவு குறைந்தே இருக்கும், ஊற்றுவேன். நாலு நாளில் மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவேன்.

ஒரு மாதத்தில் பின்னால் நீலப்புகை வந்தது. டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் மூட்டிலும் ஆயில் கசிந்தது. வேலூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். டர்போ போய்விட்டது, பத்து நாள் வண்டியை விடுங்கள் என்றார்கள். வண்டியை விடாமல் வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

"பஸ்ல போயிக்கலாம், நீங்க பேஜாராவாதீங்க" என்றாள் மனைவி. அவள் எனக்குத் தைரியம் சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மனம் கேட்காமல் தேவிகாபுரம் சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தார். ஆட்டமே இல்லை, டர்போவுக்கு ஒன்றுமில்லை என்றார். வண்டியைச் சமதளத்தில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, டிப்ஸ்டிக்கை உருவினார். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில்.

"வூட்ல எங்க நிறுத்தி பாக்கறீங்கணா?"

எங்கள் தெருவில் விடிந்ததும் பட்டுத் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு இடம்விட்டு, ஒரு பக்கச் சக்கரங்களை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்துவேன். அங்கேயே பார்ப்பேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாஞ்ச வண்டி கம்மியாத்தான் காட்டும். நீங்க ஊத்திகினே இருந்திருக்கீங்க. ஜாஸ்தி ஆயிலு நுரைச்சிகினு, இன்ஜின் காத்து வெளிய போற ப்ரீதர் பைப் வழியா டர்போக்குள்ள பூந்து எரியுது. இன்னும் ஊத்தியிருந்தா, அந்த ஆயில்லயே ஓடிகினு, சாவிய எடுத்தாலும் இன்ஜின் நின்னிருக்காது!"

திட்டுதான். ஆனால் அதைவிட இனிமையான பேச்சை நான் அந்த வருடம் கேட்கவில்லை. அதிகமாக இருந்த ஆயிலை வடித்து, குழாயைத் துடைத்து மாட்டி, அன்றே வண்டியைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் லேசாகப் புகைந்து, பிறகு நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை வேலூரிலிருந்து திரும்பும்போது கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை இல்லை. கண்ணாடியில் மனைவியும் தெரிந்தாள். படுக்காமல், பின்பக்கம் திரும்பிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகை வரலைங்க" என்றாள்.

பிறகு பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்தாள். புதிதாகத் தைத்தது. நான் பார்த்ததேயில்லை.

"இது ஏது?"

"பஸ் ஜன்னல்ல சாஞ்சிக்கறதுக்குத் தெச்சேன்" என்று சொல்லி, அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு சீட்டில் கால் மடக்கிப் படுத்தாள். ஆரணி வரும்வரை எழுந்திருக்கவில்லை.