மல்லிகா மலையிறங்கி வந்த நாள்

அம்மனை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே,

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிக்குப் போன என் மகள் நிலாவின் ஸ்கூட்டி லாரியில் மோதியது. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பி நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது. எனக்கும் என் கணவருக்கும் சேரவில்லை. அவர் ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. நர்ஸ் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். யாருடைய கையோ போடுவதுபோல இருந்தது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. விடுப்பு எடுத்து, பல்கலைக்கழகத்தில் கல்விக் கொள்கையும் பள்ளித் தலைமையும் குறித்து முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தருமபுரிக்குப் பக்கத்திலுள்ள வத்தல்மலைப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. படிவத்தோடு மலையேறுவேன், தாய்மார்களிடம் கேட்பேன், எழுதுவேன், இறங்கிவிடுவேன். அவர்களுடைய பெயர்கள் என் நோட்டில் கிடையாது, எண்கள்தான்.

தினமும் விளக்கேற்றுகிற எனக்கு அன்று ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "தாயே, யாரையாவது அனுப்பு" என்றேன். அவ்வளவுதான். அதிலும் உருக்கம் இல்லை.

சற்று நேரத்தில் போன் அடித்தது. மலையிலிருந்து மல்லிகா. என் நோட்டில் பதினோராம் எண். அன்று அவளிடம் இரண்டாம் முறை பேட்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மேடம், இன்னிக்கு வரேன்னீங்களே, ஆளக் காணோம்?"

நடந்ததைச் சொன்னேன். என்ன ரத்தம் என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்கும் அதேதாங்க. எம் பொண்ணு ரம்யா பொறந்தப்ப இந்த ரத்தத்துக்குத்தான் நாயா அலைஞ்சோம். இருங்க மேடம், நான் வரேன்."

தெரிந்தவரின் ஜீப்பில் மதியத்துக்குள் வந்து சேர்ந்தாள். பரிசோதித்துப் பார்த்து அவள் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலா பிழைத்தாள்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது மல்லிகா கையில் பஞ்சை அழுத்தியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ரம்யா இப்ப என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"எட்டோட நின்னுட்டாங்க. ஹைஸ்கூல் கீழ இருக்குது. அனுப்ப பயமா இருக்குங்க. ஏன் மேடம், போன மாசமே சொன்னேனே, எழுதிக்கிட்டீங்களே?"

எழுதியிருந்தேன். மறந்திருந்தேன்.

நிலா வீடு திரும்பியதும் மலையேறினேன், படிவம் இல்லாமல். கீழே உள்ள ஹைஸ்கூல் தலைமை ஆசிரியையிடம் பேசினேன். அங்குள்ள மாணவியர் விடுதிக் காப்பாளரை மல்லிகா நேரில் பார்க்கும்படி செய்தேன். ரம்யா இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இதை நான் நன்றிக்கடன் என்று சொல்லமாட்டேன். ஓர் ஆசிரியையாக முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஆராய்ச்சியும் நடக்கிறது. இப்போது என் பேட்டிகள் நீளமானவை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சில காலைகளில் நிலா மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். ஆனாலும் அம்மனுக்கு நான் பட்ட கடனை உங்கள் முன்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனம் மரத்துப்போய்விட்டது, இனி எப்படிக் கும்பிடுவது என்று உங்களில் யாராவது தவித்தால், மரத்த மனத்தோடே கூப்பிடுங்கள். தாய் வருவாள். எந்த முகத்தில் வருகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.