கரையும் வரை காத்திருக்க வேண்டாம்

அன்று எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் ஐந்து பேர். நான், என் கணவர், அவருடைய அக்காவான என் மதினி, எங்கள் வார்டு ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சி, அப்புறம் பிறந்து எழுபது நாளான என் மகள். போன வருஷம், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அன்று ஹர்த்தால், ஊர் முழுக்க அடைப்பு. இல்லையென்றால் நாங்கள் எல்லாரும் பகலில் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்க மாட்டோம். கணவர் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மதினிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. பகல் முழுக்க நானும் குழந்தையும் மட்டும்தான். அன்று நடந்ததை இப்போதும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால்.

பயம் என்றால் எனக்குப் புதிது இல்லை. கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என் சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாளிலேயே பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால் மலையாளம் பழக நேரமே கிடைக்கவில்லை. பாதி காதில் விழும், பாதி தலைக்கு மேலே போகும். வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையோடு திரும்பி வந்த சமயத்தில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நான் சாப்பிட வேண்டிய மருந்துக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, பால்பொடி எழுதிக் கொடுத்தார். தொண்ணூறு மில்லி தண்ணீருக்கு மூன்று கரண்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இதை அவர் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்குள் போய், அங்கே இருந்த நர்ஸிடம், "இத எப்போ கொடுக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கரயான் காத்து நிக்கண்டா. அதினு மும்பே கொடுக்கணும்."

கரைய வேண்டும் என்று காத்து நிற்க வேண்டாம், அதற்கு முன்பே கொடுக்க வேண்டும். எனக்குப் புரிந்தது இதுதான். பொடியைக் கரையாமல் எப்படிக் கொடுப்பது என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இவள் படிக்காதவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று கேட்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது காரணமும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கரைந்து கிடந்தால் சத்து போய்விடும் போலிருக்கிறது, அதனால்தான் சொல்கிறார் என்று.

அப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். போனில் எட்டு அலாரம் வைத்தேன். எட்டு மணி, பதினொன்று, இரண்டு, ஐந்து என்று சுற்றி வரும். அலாரம் அடித்ததும் தண்ணீரில் பொடியைப் போடுவேன். ஒரே ஒரு குலுக்கு. உடனே கொண்டுபோய்க் குழந்தை வாயில் வைத்துவிடுவேன். சூடு ஆறக் கூடாது என்று மதினி பாட்டிலுக்கு அழகாக ஒரு துணி உறை தைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த உறையால் உள்ளே என்ன கிடக்கிறது என்று யார் கண்ணிலும் படவில்லை. குழந்தை ஆவலாக இழுப்பாள், கன்னம் குழியும், முகம் சிவக்கும், பிறகு சலித்துப்போய்த் துப்பிவிட்டு அழுவாள். முப்பது மில்லி போயிருந்தால் அதிகம். களைத்துத் தூங்கி, ஒரு மணி நேரத்தில் எழுந்து மறுபடி அழுவாள். சீட்டில் மூன்று மணி நேரம் என்று இருக்கிறதே என்று அடுத்த அலாரம் வரைக்கும் தோளில் போட்டு நடந்துகொண்டிருப்பேன். அவள் அழும்போது சேர்ந்து நானும் அழுதுகொண்டு நடந்ததும் உண்டு.

ஒன்பது நாள் கழித்து எடை பார்த்தார்கள். நாற்பது கிராம்தான் கூடியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த புதன்கிழமையும் இப்படியே இருந்தால் திருவனந்தபுரத்துக்கு எழுதித் தருவேன், அங்கே சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு இரண்டாம் நாள்தான் அந்த ஹர்த்தால்.

காலை பத்து மணியிலிருந்தே குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். அலாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. படகு இல்லாமல் வீட்டில் இருந்த கணவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"எடி, கொடுத்துப் பாரு. பதினோரு மணி அடிச்சாத்தான் பாலு உள்ள எறங்குமாக்கும்?"

"சீட்டுல மூணு மணி நேரம்னு எழுதியிருக்கு."

"பிள்ளைக்குச் சீட்டு வாசிக்கத் தெரியாதே."

அப்போதுதான் ஆஷா சேச்சி குடையோடு உள்ளே வந்தார். நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. எடை விஷயம் தெரிந்து பார்க்க வந்திருந்தார். "எந்தா மோளே, பிள்ளெ கரயுந்நது ரோடு வரெ கேக்குதே" என்றார். பதினோரு மணிக்குத்தான் பால் என்று சொன்னேன். சேச்சியின் முகம் மாறியது. "கரயான் காக்கண்டா எந்நு ஆஸ்பத்திரியில பறஞ்ஞில்லியா?"

எனக்கு ஒரே பெருமை. நான் ஒழுங்காகச் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றியல்லவா கேட்கிறார். "சொன்னாங்க சேச்சி. அதான் நான் கரையவே விடுறதில்ல. பொடியைப் போட்டு ஒரு குலுக்கு, உடனே வாயில வச்சிருவேன்."

சேச்சி குடையைக்கூட மடக்கவில்லை. மதினியைப் பார்த்தார், மதினி என்னைப் பார்த்தார்கள். "மக்கா, போயி ஒரு பாட்டிலு கலக்கிக் கொண்டு வா, பாப்போம்" என்றார்கள் மதினி. கலக்கிக் கொண்டு வந்து கொடுத்தேன். சேச்சி துணி உறையை உருவிவிட்டு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பொடி மிதந்தது. அடியில் சேறு மாதிரி கொஞ்சம் படிந்திருந்தது. மிச்சம் வெறும் கலங்கல் தண்ணீர். நிப்பிள் கீழே வரும்படி பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஓட்டையில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

மதினிக்குத்தான் முதலில் புரிந்தது. "மக்கா, மலையாளத்துல கரயுறதுன்னா அழுறதாக்கும். பிள்ள அழட்டும்னு காத்து நிக்காத, அதுக்கு முன்னால கொடுன்னு சொல்லியிருக்காவ. நீ பொடி கரையுறதுன்னு நெனச்சியோ?"

கணவர் சிரித்துவிட்டார். "நல்ல காலம். கரையான்னு நெனச்சு டின்னுக்கு மருந்து அடிக்காம விட்டாளே."

"எலே, வாய மூடு. படகுல வாறவனுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட்டு சரியா இருக்கான்னு இழுத்து இழுத்துப் பாப்பே. சொந்தப் பிள்ளைக்க பாட்டில்ல என்ன கெடக்குன்னு ஒரு நாளு உறைய ஊரிப் பாத்தியா? நானும் பாக்கல்ல. பேச வந்துட்டான்" என்று தம்பியை அதட்டினார்கள் மதினி.

கணவர் போய்ப் பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு நாளாக என் பிள்ளை கட்டியை இழுத்து இழுத்துத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்துக் கரைந்தேன். சேச்சி என் தோளைத் தட்டி, "நீயும் கரயண்டா. கைய கழுவீட்டு வா" என்றார்.

முதலில் தண்ணீரை அளந்து விடச் சொன்னார். பிறகு பொடி, கரண்டியின் மேலே தட்டையாக வழித்து மூன்று. மூடிவிட்டுச் சுழற்றச் சொன்னார். நான் நிறுத்தப் போகும்போதெல்லாம் "இனியும்" என்றார். வெளிச்சத்தில் பார்த்து ஒரு கட்டி இல்லை என்று ஆன பிறகு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தேன். குழந்தை இழுத்தாள். முதல் வாய் உள்ளே போனதும் அவள் கண்ணைப் பெரிதாகத் திறந்து என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

உறை இல்லாத பாட்டிலை நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கணவர் தேர்தல் முடிவு சொல்கிற மாதிரி பாட்டிலின் அளவுக்கோட்டைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார். எழுபது கழிஞ்சு, அறுபது கழிஞ்சு, முப்பது, இருபது. பத்து மில்லி மிச்சம் வைத்துவிட்டு அவளே வாயை எடுத்துக்கொண்டாள். ஏப்பம் விட்டாள். தூங்கிப்போனாள்.

அடுத்தது அலாரம். இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டுமா என்று நான் சேச்சியைக் கேட்டேன். "அலாரத்துக்கு வயறு உண்டோ?" என்று கேட்டுவிட்டு, எட்டையும் என்னையே அழிக்கச் சொன்னார். மூன்று மணி நேரம் என்பது சுமாரான கணக்கு. பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோவாள், உதட்டைச் சப்புவாள், தலையைத் திருப்பித் தேடுவாள், அப்போதே கலக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். எனக்கு அலாரத்தை அழிக்கப் பயமாக இருந்தது. அழித்தேன்.

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடவில்லை. சேச்சி வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் தூங்குகிற பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி தாண்டியது. ஒன்றரை தாண்டியது. பதினொரு நாளில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் தூங்கியதே இல்லை. ஒன்று ஐம்பதுக்குக் கணவர், "கை போவுது, வாய்க்குப் போவுது, பால எடு" என்று கிசுகிசுத்தார். நான் ஓடின ஓட்டத்தில் அடுக்களைப் படியில் கால் இடித்து நகம் பெயர்ந்தது. வலி தெரிந்தது சாயங்காலம்தான்.

அந்தத் தடவை பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை. இரண்டு நாளில் தொண்ணூறு போதாமல் காலிப் பாட்டிலையும் இழுத்துக்கொண்டிருந்தாள். சேச்சியைக் கேட்டு முப்பது மில்லி தண்ணீரும் ஒரு கரண்டியும் கூட்டினேன். அதன் பிறகு அவளே மூன்று மணி நேரம், சில சமயம் மூன்றரை என்று இடைவெளியை அமைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை கணவரும் மதினியும் வேலைக்கு லீவு போட்டார்கள், மூன்று பேருமாகக் குழந்தையோடு கிளம்பிப் போனோம். எடை மேடையில் படுக்க வைத்ததும் அவள் காலை உதைத்ததால் எண் நிற்கவே மாட்டேன் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மதினி என் கையைப் பிடித்து அழுத்தியபோதுதான் திறந்தேன். இருநூற்றுப் பத்து கிராம் கூடியிருந்தது. டாக்டர் இரண்டாம் தடவை படுக்க வைத்துப் பார்த்தார். அதே எண். திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டியதில்லை என்றார்.

வெளியே வந்து அந்த நர்ஸிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் மகளின் காலைத் தொட்டார். இப்போது தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் கண்ணுக்குக் கீழே விரலை இழுத்துக் காட்டி, "அழ, அழ" என்று சொல்லித்தான் அனுப்புகிறாராம்.

என் மகள் இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். எனக்கும் மலையாளம் முக்கால்வாசி வந்துவிட்டது. மீதிக் காலில் எங்கேயாவது தடுக்கினால், பின்னால் எத்தனை பேர் நின்றாலும், புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் வெட்கப்பட்டதற்கு, பதினொரு நாள் பசியோடு கிடந்தது நான் இல்லை, அவள்தானே.