பட்டாணி வைத்தியம்

எங்கள் வீட்டுத் தங்கமீன் ஒரு நாள் காலையில் வயிறு ஊதி, ஒருக்களித்து மிதந்தது. எல்லாம் பாசம் செய்த வேலை. தொட்டியைக் கடந்து போகிற எவரும் ஒரு சிட்டிகை தீனி போடாமல் போனதில்லை. அதிலும் அப்பா, ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மீனுக்கு பிஸ்கட் நொறுக்கிப் போடுவார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் மீன் விற்கிற அண்ணன் வைத்தியம் சொன்னார். "மூணு நாளு ஒண்ணும் போடாத பாப்பா. அப்பால பச்சப் பட்டாணிய வேகவச்சி, தோல உரிச்சி, துளியூண்டு நசுக்கிப் போடு. வவுறு சரியாய்டும்."

அதற்குள் செத்துப்போனால்? அந்தப் பயத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டிலோ தொட்டிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன். கம்பி ஏற்றிய லாரி தெருவில் போனால் தொட்டித் தண்ணீர் அதிரும். மீன் அசைகிறதா, தண்ணீர்தான் அசைகிறதா என்று தெரியாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த நாட்களில் அக்காவும் சாப்பிடவில்லை. சிப்காட் கம்பெனியில் தன்னோடு வேலை செய்கிற ஒருவரைப் பற்றி அவள் பேச்செடுத்ததும், அப்பா டம்ளரை விட்டெறிந்தார். உடனே என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டதற்கு, "அவளுக்கு வவுறு சரியில்ல" என்றாள் அம்மா. மீனுக்கு வந்த அதே நோய், அதே வைத்தியம் என்று நான் அவளைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

அப்பாதான் நிலைகொள்ளாமல் தவித்தார். உட்காருவார், எழுவார், அறை வாசல்வரை போய்த் திரும்புவார். மறுநாள் சாயங்காலம் தொட்டி மூடியைத் திறந்து பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"இன்னாப்பா பண்ற? பட்டினி போட்டாத்தான் சரியாவும்னு கடக்கார அண்ணன் சொல்லிச்சே!"

"ஊட்ல ஒரு உசுரு பட்டினி கெடக்க சொல்ல எனுக்கு எப்டிம்மா சோறு எறங்கும்?" என்றார். ஒரு மீனுக்குப் போய் இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கெடு முடிந்த அன்று பட்டாணியை அப்பாவே வேகவைத்தார், ஒரு கிண்ணம் நிறைய. ஒன்றை உரித்து நசுக்கிப் போட்டோம். மீன் முதலில் துப்பியது, பிறகு விழுங்கியது. மீதியில் உப்பும் மிளகும் தூவி என்னிடம் நீட்டினார்.

"அக்காவாண்ட குடு. ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டாளுங்கள வரச் சொன்னேன்னு சொல்லு."

அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மிளகுக் காரம் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மீன் நிமிர்ந்து நீந்த ஆரம்பித்துவிட்டது. விருந்தாளிகள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று தொட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தேன். வந்தவர்கள் பூவும் பழமும் வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா மட்டும் தொட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீன் பிழைத்ததில் இவர் ஒருவருக்காவது சந்தோஷம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.