ஆற்றங்கரைக் குலைகள்

எண்ணெய் ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் 'பத்துப்பழம்'. எண்ணெய்ப்பனையின் அடியில் பத்துப் பழமாவது தானாக உதிர்ந்து கிடந்தால்தான் அந்தக் குலை வெட்டத் தகுந்தது என்பது அங்கே இருந்த கணக்கு. லாரியில் கறுப்பாகக் காய்க்குலை ஒன்று தட்டுப்பட்டால் போதும், "பத்துப் பழம் உதிர்ந்துச்சா, இல்ல அவசரத்துல வெட்டிட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. அதே ஆலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர்கூட, வீட்டில் வாக்குவாதம் முற்றினால், "சரிங்க பத்துப்பழம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விடுவார்.

இறக்குமேடைக்கு வருமுன் எட்டு வருடம் கொட்டை உடைக்கும் பகுதியில் இருந்தாள். அந்த இரைச்சலில் இடது காது கொஞ்சம் மந்தமானது. ஆனால் பழத்தின் கதை முழுவதும் அங்கேதான் அவளுக்கு விளங்கியது. சதையைப் பிழிந்தால் வருவது சிவப்பு எண்ணெய். அதை வெளுக்க வைத்து, வாடை நீக்கி, மெதுவாகக் குளிரவிட்டால் இரண்டாகப் பிரியும். தெளிந்து நிற்பது பொரிக்கும் எண்ணெய். உறைந்துபோவது பிஸ்கட்டுக்கும் மெழுகுவத்திக்கும் போகும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வருவது முற்றிலும் வேறொன்று. தேங்காயெண்ணெய்க்குத் தங்கை மாதிரி, குளிரில் வெள்ளையாக உறையும். சோப்புக்காரர்கள் அதற்குத்தான் வரிசையில் நிற்பார்கள். "காலையில குளிக்கிற சோப்புலேர்ந்து சாயங்காலம் கடிக்கிற பிஸ்கட் வரைக்கும் நம்ம பழம்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள்.

பிறகு தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. கையில் ஒரு கூர்முனைக் கம்பி. லாரி கொட்டும் குலைகளைக் குத்திப் புரட்டிப் பார்த்து, சரியென்றால் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பழம்கூட நீராவிக் கொப்பரைக்குள் போகாது.

அவள் பிறந்த ஊர் ஆலையிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே முப்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். காட்டை அழித்து நடுவதில்லை, தீ வைத்து நிலம் திருத்துவதில்லை, ஆற்றங்கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் பனை வைப்பதில்லை என்று எழுதிக்கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். சான்றிதழ் உள்ள எண்ணெய்தான் வேண்டும் என்று சோப்புக் கம்பெனிக்காரர்கள் கறாராக இருந்ததால், மற்றவர்களைவிட இவர்கள் பழத்துக்கு நல்ல விலை. அந்தச் சங்கத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவர் அவளுடைய அண்ணன். துணைத்தலைவரும் அவரே. பேச உட்கார்ந்தால் எதிராளி தலையாட்டும்வரை எழுந்திருக்கமாட்டார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் லாரி வந்தது. ஏழு குடும்பங்களின் குலைகள் ஒன்றாக. முந்தின நாள் வெட்டியவை. ஒரு நாளைக்கு மேல் போட்டால் பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெய் கெட்டுவிடும் என்பதால் நடுப்பகலுக்குள் கொப்பரைக்குப் போயாக வேண்டும். போதாக்குறைக்கு அன்று பிற்பகல் சான்றிதழ்த் தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது.

அவள் கம்பியால் நாலைந்து குலைகளைப் புரட்டினாள். ஆறாவது குலை கம்பியோடு அப்படியே மேலே வந்துவிட்டது. சங்கத்து மரங்களுக்குப் பதினைந்து வயது. ஒரு குலை இருபது கிலோவுக்குக் குறையாது, குத்தித் தூக்க முடியாது. இது ஐந்து கிலோகூடத் தேறாது. மூன்று வயதுக் கன்று போடும் முதல் குலை.

காம்பைப் பார்த்தாள். உயரமான மரத்தில் கழியில் கட்டிய அரிவாளால் இழுத்து வெட்டுவார்கள், வெட்டு சாய்வாக இருக்கும். இது உளியால் குத்தியது, நேராக இருந்தது. தரையை ஒட்டிக் காய்க்கும் குலையை மட்டுமே அப்படி வெட்ட முடியும். பழங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கிடையே விரலை விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் வெள்ளை மணல் ஒட்டியது. அந்த வட்டாரத்து மண் செம்மண். வெள்ளை மணல் ஆற்றங்கரையில் மட்டும்தான்.

"இது யார் தோட்டத்துது?" என்று லாரி ஓட்டுநரிடம் கேட்டாள்.

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கென்னக்கா தெரியும்? ஏத்தினாங்க, ஓட்டிட்டு வந்தேன்."

"சங்கத்துல யாருமே பத்து வருஷமா புதுக்கன்னு வைக்கல. தெரியாம எப்படி ஏறும்?"

"அக்கா, என்னை விட்டுடுங்க. உங்க வீட்டு விஷயத்துல நான் ஏன் தலையிடணும்?"

உங்க வீட்டு விஷயம். மூன்று வருடத்துக்கு முன் வெள்ளத்தில் அண்ணனின் தோட்டத்தில் ஒரு மூலையை ஆறு அரித்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியும். "ஆறு எங்கிட்டேர்ந்து எடுத்துக்கிச்சு, ஆத்துக்கிட்டேர்ந்து நான் எடுத்துக்கக்கூடாதா?" என்று அவர் அப்போது சொன்னதும் ஞாபகம் இருந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தாள்.

லாரிமேல் ஏறிப் பார்த்தாள்; அங்கங்கே அதே மாதிரிச் சின்னக் குலைகள் தெரிந்தன. லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் மேலாளர் இறங்கி வந்துவிட்டார்.

"என்னம்மா, கொப்பரை காலியா கெடக்கு. ஏன் லாரி நிக்குது?"

"சார், இதுல பதிவு இல்லாத நிலத்துப் பழம் கலந்திருக்கு."

"எவ்வளவு?"

"நாப்பது ஐம்பது குலை இருக்கும்."

"ஆறு டன்னுல நாப்பது குலையா?" மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "சின்னக் குலை, தரக்குறைவுன்னு எழுதிட்டு உள்ள தள்ளும்மா. மதியம் தணிக்கைக்காரர் வர்றார். இன்னைக்குப் போயா?"

"கலந்துட்டா அப்புறம் மொத்த எண்ணெய்க்கும் பொய்ச் சான்றிதழ் கொடுத்த மாதிரி சார். பின்னாடி தெரிஞ்சா முப்பத்தொரு வீட்டுக்கும் போயிடும்."

"நிறுத்தினா ஏழு வீட்டுப் பழமும் இங்கயே புளிச்சுப்போகும். அதுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவள் ஒரு கணம் லாரியைப் பார்த்தாள். பிறகு, "பன்னெண்டு மணி வரைக்கும் டைம் கொடுங்க சார். ஒவ்வொண்ணா பொறுக்கி வெளிய போட்டுடறேன்" என்றாள். மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

ஆறு டன்னையும் மேடையில் கொட்டச் செய்து புரட்டத் தொடங்கினாள். ஓட்டுநர் முதலில் ஒதுங்கி நின்றார். பிறகு மனது கேட்காமல் அவரும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டார். கணவரும் இடைவேளை நேரத்தில் வந்து சேர்ந்தார். சின்னக் குலைகளைத் தூக்கித் தனியாக அடுக்கினார். முள் குத்தி மூவர் கையிலும் ரத்தம். வெயில் ஏற ஏற மேடையில் சிந்திய எண்ணெய் வழுக்கியது.

பதினொன்றரைக்கு அண்ணனின் பைக் வந்து நின்றது. யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள்.

"என்ன பண்ணிட்டிருக்க நீ?"

"நீயே பாரு அண்ணா."

அவர் அந்தக் குவியலைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகே வந்தார். "ஆறு எடுத்துக்கிட்ட நிலத்துக்குப் பதிலா வெச்சேன். நாப்பது கன்னு. அதுக்குப் போய் ஊரைக் கூட்டுறியா?"

"கரையில நின்ன மரத்தையெல்லாம் வெட்டினியா?"

"புதருதானே அது."

"அந்தப் புதருதான் அண்ணா கரையைப் பிடிச்சுக்கிட்டிருந்துது. நம்ம சங்கத்து விதியை எழுதினதே நீதானே?"

"எனக்கே பாடம் எடுக்காத." அவர் குரல் உயர்ந்து, உடனே உடைந்தது. "பாப்பா, ஒரு தடவை. இன்னைக்கு ஒரு கையெழுத்து. அடுத்த தடவையிலேர்ந்து ஒரு குலைகூட வராது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

சின்ன வயதுக்குப் பிறகு அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. அவள் கம்பியைக் கீழே வைத்தாள். கணவர் குனிந்தபடியே, "மணி ஆகுது" என்றார். அவள் மறுபடி கம்பியை எடுத்துக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கடைசிக் குலையும் வெளியே வந்தது. நாற்பத்து மூன்று. மீதியெல்லாம் கொப்பரைக்குப் போனது. அப்பாடா என்று அவள் நிமிர்ந்தபோது, வாசலில் மேலாளரோடு இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. தணிக்கையாளர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அவர் நேராகக் குவியலிடம் வந்தார். "இது ஏன் தனியா கெடக்கு?"

மேலாளர் முந்திக்கொண்டார். "தரக்குறைவு சார். தினமும் கொஞ்சம் கழியும்."

தணிக்கையாளர் ஒரு குலையைக் காலால் உருட்டினார். "பழுத்துத்தானே இருக்கு?" பிறகு அவளைப் பார்த்தார். "நீங்கதானே தரம் பாக்கறது? நீங்க சொல்லுங்கம்மா."

உள்ளே நீராவி திறந்துவிடும் சீறல் மட்டும் கேட்டது. அண்ணன் பைக்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிவு இல்லாத நிலத்துல விளைஞ்சது சார். ஆத்தங்கரைப் பழம்."

"யாரோடது?"

"எங்க அண்ணனோடது. அதோ நிக்கறார்."

அண்ணன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தணிக்கையாளர் அன்றே ஆற்றங்கரைக்குப் போனார். இரண்டு நாள் ஒவ்வொரு தோட்டமாக நடந்தார், சீட்டுகளையெல்லாம் புரட்டினார். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வீட்டிலும் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று கிடந்து தவித்தாள். மூன்றாம் நாள் முடிவு தெரிந்தது. கலப்பு உள்ளே போகுமுன் மேடையிலேயே பிடிபட்டதால் சங்கத்தின் சான்றிதழ் தப்பியது. அண்ணனை மட்டும் ஒரு வருடம் விலக்கிவைத்தார்கள். பனைக்கன்றுகளை உடனே பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் கரை இன்னும் சரியும் என்றார் தணிக்கையாளர். உரமும் மருந்தும் போடாமல், குலையை வெட்டாமல், இடையிடையே பழைய காட்டு மரங்களை நட வேண்டும்; அவை வளர வளரப் பனைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

நடும் வேலைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துப்பழமும் அவள் கணவரும் போனார்கள். அண்ணி வந்து நட்ட மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். "வீட்ல உங்க பேச்சையே எடுக்கக்கூடாதுங்கறார்" என்றாள். "ஆனா நீங்க வர்றீங்கன்னு நேத்தே குழி வெட்டி வெச்சுட்டார்." அறுபது குழிகள், ஒரே அளவு, நூல் பிடித்த மாதிரி. அண்ணன் மட்டும் கண்ணில் படவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான்; அதற்கடுத்ததும்.

இரண்டாம் வருடத்து வெள்ளம் கரையில் நாலடி தின்றது. நட்டதில் பாதிக்கு மேல் போனது. எஞ்சிய மரங்கள் நின்ற இடத்தில் கரையும் நின்றது. போனதற்கெல்லாம் மறுபடி கன்று வைத்தார்கள். அப்போதுதான் அண்ணன் முதல் முறையாக அவள் இருக்கும் நேரத்தில் கரைக்கு வந்தார். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "அன்னைக்கு நீ என் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"சொல்லாம இருந்திருந்தா உன் முகத்தை நான் எப்படி பாக்கறது?"

"இப்ப மட்டும் பாத்துட்டியாக்கும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்துக் குழியில் இறங்கி மண் தள்ளினார்.

இன்றும் அண்ணன் அவள் வீட்டுக்கு வருவதில்லை. கூப்பிட்டால், "பாப்போம்" என்பார். சங்கத்தில் மறுபடி சேர்ந்துவிட்டார், பதவி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய பழம் வரும் நாளில் அவரே லாரியோடு வந்து, கைகட்டி மேடையோரம் நிற்பார். போன மாதம் அதில் மூன்று காய்க்குலைகளை அவள் கழித்துப் போட்டாள். அவர் அவளுடைய இடது பக்கம் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மூன்றையும் தூக்கி லாரியில் திருப்பிப் போட்டார். என்ன சொன்னார் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "எனக்கு அந்தக் காது கேக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.