இடது பக்கத்தில் ஈனிட்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஈனிட் சக்டனின் கறிக்கடையைத் தெரியாதவர் கிடையாது. சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் கூடத்துக்கு வந்துவிடுவாள். அங்கே நீள மேசையில் நெப்போலியன் காலத்துப் போர் காத்திருக்கும். பாதி விரல் உயரத்தில் வண்ணம் பூசிய பொம்மை வீரர்கள், குதிரைகள், பஞ்சில் பீரங்கிப் புகை. யார் நின்றார், யார் ஓடினார் என்பதைப் பகடை சொல்லும். அளவு நாடாவோடு நிற்கும் நடுவர் நான்.

ஈனிட்டுக்குப் பின்வாங்கத் தெரியாது. கணவர் இறந்த வாரமும் வந்தாள். நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம்.

"வீட்ல சுவத்தப் பாத்துட்டு ஒக்காந்தா அவர் எந்திரிச்சு வந்துருவாரா? பகடைய எடுங்கய்யா."

முப்பது வருடமாக அவளுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன் வில்ஃப் ஆக்ராய்ட். போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பியது. இரண்டு கண்ணிலும் இடதுபுறப் பார்வை போய்விட்டது. தட்டில் இடப்பக்கம் கிடக்கும் உருளைக்கிழங்கை அப்படியே விட்டு எழுந்துவிடுவான். தைமாதக் குளிரில் மறுபடி ஆட வந்தபோது, அவன் இடது அணி திறந்தே கிடந்தது. எங்களோடு ஆடும் டிரெவரும் மற்றவர்களும் அந்தப் பக்கமே போகாமல் ஆடினார்கள். வில்ஃப் வரிசையாக ஜெயித்தான். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஈனிட் அப்போது வரவில்லை.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் வில்ஃப் என்னிடம் சொன்னான்: "டேய், எனக்குக் கண்ணுதான் பாதி போச்சு. புத்தி முழுசா இருக்கு. பாவம் பாத்து ஜெயிக்க வெக்கறானுங்க. வர்ற சனிக்கிழமையோட நிறுத்திக்கறேன்."

அவனுக்கு அந்த மேசையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அந்தச் சனிக்கிழமைதான் ஈனிட் கைத்தடியோடு திரும்பி வந்தாள். டீ ஊற்றும்போது டிரெவர் அவள் காதில் கிசுகிசுத்தான்.

"அவன் இடது பக்கம் போயிராதம்மா. பாவம்."

"பாவமா? என் படையையே நாலு தடவ நாசம் பண்ணவன் அவன். தள்ளு."

அரை மணி நேரத்தில் அவளுடைய கனரகக் குதிரைப்படை முழுவதும் வில்ஃபின் இடது பக்கத்தில் புகுந்தது. பகடை மேசையில் தடதடத்தது. வில்ஃபின் பாதிப் படை காலி. டிரெவர் டீக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்ஃப் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். "இந்தக் குதிரைங்க எப்ப வந்துச்சு?"

"நீ பிஸ்கட்ட முக்கிட்டு இருந்தப்பவே. இறகு உரிச்ச கோழியாட்டம் தொறந்து போட்டிருக்க. விடுவேனா?"

"மத்தவங்க விட்டாங்களே."

"அவங்கல்லாம் நல்லவங்க. நான் கசாப்புக்காரி."

வில்ஃப் சிரித்தான், வயிறு குலுங்க. அவன் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது, "அடுத்த வாரம் பாக்கறேன்டி உன்ன" என்றான்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலியை மேசையின் இடது கோடிக்கு இழுத்துப் போட்டிருந்தான். படையை நடத்துபவர் மேசைக்கு நடுவில் இருப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போது அவனுக்கு இடப்பக்கம் வெறும் சுவர். போர்க்களம் முழுக்க வலப்பக்கம்.

"சுவத்த அண்டி ஒக்காந்தா ஜெயிச்சிருவியா?" என்றாள் ஈனிட்.

ஜெயித்தான். இருட்டுவதற்குள் அவளுடைய தேர்ந்த வீரர்களான காவல்படையே கலைந்து ஓடியது. பகடையைத் திட்டினாள், என் நாடாவைத் திட்டினாள், மேசை சாய்ந்திருக்கிறது என்றாள். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் அரித்தது. இவளும் விட்டுக்கொடுத்துவிட்டாளோ?

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வில்ஃப் நின்றிருந்தான். பொட்டலத்தை அவன் முன்னால் தொப்பென்று போட்டாள். பிரித்துப் பார்த்தான்.

"என்ன ஈனிட்டு, ஒரே எலும்பா இருக்கு?"

"ஜெயிச்சவருக்கு அதான். சனிக்கிழம தோத்துட்டு வாய்யா, நல்ல கறி தர்றேன்."

வில்ஃப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். ஈனிட் அதற்குப் பிறகும் கத்தியை வேகமாகத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் என் சந்தேகத்தைக் கேட்கவே இல்லை.