கேஜ் இன்னும் மேலே வரவில்லை

பெங்களூர் ரயிலில் என் எதிரே உட்காரும் அந்தப் பெண்ணின் சுடிதாரில் இஸ்திரி மடிப்பு கலைந்திருக்காது. போன் சிணுங்கினால் மட்டும் பதறி எடுப்பாள். என் போன் சிணுங்கினால், கடன்காரனோ என்று நான் ஒளித்துவைப்பேன்.

“இன்னாம்மா, லாட்டரியா?” என்றேன் ஒருநாள்.

“கொயந்த செலவுக்குப் பணம் போடச் சொல்லி கோர்ட்டு சொல்லிச்சுண்ணா. வுட்டுட்டுப் போன மனுசன் போடவே இல்ல. கேஸ் நடக்குது.”

“கொயந்த அப்பாவைக் கேக்காதா?”

“கேக்கும். சுரங்கத்துல கீறாரு, கேஜ் இன்னும் மேல வரலன்னு சொல்லிக்கிறேன். பணம் வந்தா, அப்பா அனுப்பிச்சாருன்னு சொல்லலாம்.”

“சுரங்கத்த மூடி எவ்ளோ வருசமாச்சும்மா!”

“அதுக்குத் தெரியாதுண்ணா.” மறுபடி போனைப் பார்த்தாள்.

இப்போது அவள் வருவதில்லை. மூடிக்கிடக்கும் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தைக் கடக்கும்போதெல்லாம், ஆளேற்றும் அந்தக் கேஜ் கூண்டு மேலே வருகிறதா என்று, எல்லாம் தெரிந்த நான் எட்டிப் பார்க்கிறேன்.