அந்தோனியார் பாடிய பைலா

இரத்தோட்டை - மாத்தளை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் நோபர்ட்டுக்கு ஒரே ஒரு வேதாந்தம்தான்: எதற்குள்ளும் இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கும். பஸ்ஸில் அது செல்லும். "பின்னுக்குப் போங்க" என்று கத்தினால் சனம் எப்படியோ ஒடுங்கிக்கொள்ளும். வீட்டுப் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளிடமும் அதே வித்தையைக் காட்டப் போனதில்தான் வினை வந்தது.

இடுப்புயர மரப்பெட்டிகள் இரண்டு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவை. 'மூத்த தாரங்கள்' என்றுதான் மனைவி கெத்தரின் அவற்றைச் சொல்வாள். முதுகில் வயர் செருக, அழுத்தினால் வாய் திறக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள். தடித்த வயர் போட்டால் சத்தம் பிய்த்துக்கொண்டு வரும் என்று யாரோ சொல்ல, நோபர்ட் சுண்டுவிரல் தடிப்பில் வயர் வாங்கி வந்து அந்தச் சின்ன வாய்க்குள் திணித்தான். கிளிப் உடைந்தது. ஈர்க்குக் குச்சி ஒன்றைச் செருகி வைத்தான். அன்றிலிருந்து யாராவது நடந்தால் பாட்டு நிற்கும், தும்மினால் திரும்ப வரும்.

ஒருநாள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு நின்றிருந்ததால் பாட்டுச் செட்டை நிறுத்த நோபர்ட்டுக்கு ஞாபகமில்லை. எல்லாரும் ஒன்றாக முழந்தாளிட்டதும் தரை அதிர்ந்தது, ஈர்க்கு அசைந்தது, கள்ளுக்கடைக்கு வழி கேட்கும் பைலா ஆட்டப்பாட்டு ஒன்று கூரை அதிர எழும்பியது.

கூட்டம் கலைந்ததும் கெத்தரின் தீர்ப்புச் சொன்னாள். "என் தம்பி ஷெல்டன் கோழி முட்டையிடப் பெட்டி தேடுறான். இதுல ஓட்டை கூட வட்டமா இருக்கு. குடுத்துருவோம்."

நோபர்ட் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "வயர் பூட்டுற எடத்துக்குப் புது டெர்மினல் போடுறேன் கெத்தரின். போட்டும் வித்தியாசம் தெரியலன்னா அவன் கொண்டு போகட்டும்."

"உங்களுக்கில்ல. எனக்குத் தெரியணும்."

அதுதான் பயம். கெத்தரினுக்கு அடுத்தவர் மனம் கோணாதிருக்கப் பொய் சொல்லும் பழக்கமே கிடையாது. தன் கல்யாணப் பந்தியிலேயே சோறு குழைந்துவிட்டது என்று மாமியாரிடம் சொன்னவள்.

மாத்தளையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானா டெர்மினல்களோடு தானே வந்து இறங்கினார். தங்க முலாம் பூசிய திருகாணிகள். பெட்டிக்கு ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. வயரை ஓட்டைக்குள் விட்டுத் திருகினால் யானை இழுத்தாலும் வராது. இடது பெட்டியைத் திறந்த நானா உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன நோபர்ட், ரெண்டு வயரும் பச்சையா ஈக்குது?"

"அது பாலன் குடில் லைட் வயர் நானா. முந்தி ஒருக்கா அறுந்திச்சு, நத்தார்ப் பண்டிகைக்குப் போட்டது மிச்சம் இருந்திச்சு."

நானா டோர்ச் பற்றரி ஒன்றை வயர்களில் தொட்டுப் பார்த்தார். வலது பெட்டியின் ஸ்பீக்கர்க் கூம்பு முன்னே துள்ளியது. இடது பெட்டியுடையது பின்னே பதுங்கியது. இரண்டும் ஒரே பச்சையானதால் நோபர்ட் வயரை மாற்றிப் பூட்டியிருந்தான்.

"வல்லாஹி! இது இவ்வளவு காலமும் எதிர்க்கட்சியில இருந்தீக்கு!"

முன்வாசலால் ஆள் ஏற, பின்வாசலால் ஆள் இறங்கினால் பஸ் எப்போது நிறையும்? ஊரையே கூட்டிவைத்து நோபர்ட் பெருமையடித்த சத்தம் அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயரை மாற்றிச் சரியாகப் பற்றவைத்து, டெர்மினல்களைப் பூட்டினார்கள்.

கெத்தரின் நாற்காலியைப் போட்டு நேர் நடுவில் உட்கார்ந்தாள். எதிரே, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், சுவரோடு கட்டிய சீமெந்துத் தட்டில் புனித அந்தோனியார் குழந்தை யேசுவை ஏந்தியபடி நின்றார். பதற்றத்தில் நோபர்ட்டின் விரல் செட்டோடு தொடுத்திருந்த போனில் எங்கோ பட, அதே கள்ளுக்கடைப் பைலா தொடங்கியது.

இரு பெட்டிகளும் ஒற்றுமையானால் குரல் நடுவிலிருந்துதான் கேட்கும். நடுவில் இருந்தவர் அந்தோனியார்.

"யேசுவே!" கெத்தரின் சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்தோனியார் பாடுறாரு!"

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது! முதல்ல நிப்பாட்டுங்க!"

பெட்டிகள் தப்பின. ஆனால் புனிதரின் வாயிலிருந்து இனி ஞானப்பாட்டு மட்டுமே வரலாம் என்று சட்டம் பிறந்தது. சிலையை நகர்த்துவதைப் பற்றி நோபர்ட் வாய் திறந்தான். "உங்க பைலாவுக்காக அவரு வீடு மாறணுமா?" என்ற ஒரு கேள்வியில் வாயை மூடிக்கொண்டான். பெட்டிகளை நகர்த்தலாமென்றால் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் அலுமாரி. அந்தோனியார் பாடுவதைக் கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் தேத்தண்ணி நேரத்தில் வரத் தொடங்கினார்கள். நோபர்ட் நல்ல கத்தோலிக்கன்தான்; ஆனாலும் ஒரு மனிதன் எவ்வளவைத்தான் தாங்குவான்?

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இடது பெட்டியின் பின்னால் குனிந்தான். சிவப்பைக் கழற்றிக் கறுப்பில் போட்டான், கறுப்பைச் சிவப்பில். ஈர்க்கும் வேண்டாம், திணிப்பும் வேண்டாம். திருகி முடிந்தது. பைலாவைப் போட்டான்.

"கெத்தரின், இப்ப கேளு. அந்தோனியாரா பாடுறாரு?"

அவள் தலையைச் சாய்த்து ஒழுங்காகக் கேட்டாள். "இல்ல. எங்கயோ ரோட்டுப் பக்கமா கேக்குது."

"ரோட்டுல போறவன் பாடினா நம்ம என்ன செய்ய முடியும்?"

கெத்தரின் யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால் தாளம் போட்டது. நோபர்ட் அதைப் பார்க்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் பூசைக்குப் புறப்படும் முன் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அறைக்குள் வந்தான். இடது பெட்டியின் பின்னால் கெத்தரின் முழந்தாளில் இருந்தாள். செட் நிறுத்தியிருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு சிவப்புல தானே?" என்றாள், திரும்பாமலே.

நோபர்ட் கடைசிப் பொத்தானை மறந்துவிட்டுச் சந்தோஷமாக அருகில் குனிந்தான். "சிவப்பு சிவப்புலதான்."

"போக முன்ன அந்தோனியார் ஒரு ஞானப்பாட்டு பாடட்டும். பூசை முடிஞ்சு வந்ததும் திரும்ப மாத்திருவோம்," என்றாள் கெத்தரின். "மத்தியானம் ஷெல்டன் சாப்பிட வாறான். அவனுக்கு அந்தக் கள்ளுக்கடைப் பாட்டுன்னா உசிரு."